கற்பிட்டிக் கதவுகள்: திறப்பு மட்டும் மிஞ்சியவர்களின் கரை

போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான 2002ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பத்திரிகை அலுவலாகக் கற்பிட்டிக்குச் சென்றிருந்தேன். ஆலங்குடாவில் கிடுகால் வேயப்பட்ட ஒரு குடிசையின் முன்னால் அமர்ந்திருந்த மன்னார்ப் பெரியவர் ஒருவர், பேச்சின் நடுவே எழுந்து உள்ளே போனார். துணியில் பொதிந்து வைத்திருந்த ஒரு திறப்பை எடுத்து வந்து என் கையில் வைத்தார். உள்ளங்கை நீளமான பழைய இரும்புத் திறப்பு. கடற்கரையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தும் ஒரு பொட்டுத் துருவும் இல்லை. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவி வைப்பதாகச் சொன்னார். எருக்கலம்பிட்டியில் அவருடைய வாப்பா கட்டிய வீட்டின் முன்கதவுக்கு உரிய திறப்பு அது.

நாங்கள் அமர்ந்திருந்த குடிசைக்குக் கதவே இல்லை. வாசலில் ஒரு சாக்குப் படுதா தொங்கியது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவருடைய உறவினர் ஒருவர் ஊருக்குச் சென்று வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தார். சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை, கதவும் நிலையும் பெயர்த்து எடுக்கப்பட்டுவிட்டன என்பது அவர் கொண்டுவந்த செய்தி. பெரியவர் கூரையைப் பற்றி என்னிடம் அதிகம் பேசவில்லை. கதவைப் பற்றியே பேசினார். முதிரைப் பலகையில் இழைத்த கதவு என்றும், மாரி தொடங்குவதற்கு முன்னர் ஒவ்வோர் ஆண்டும் தானே எண்ணெய் பூசுவது வழக்கம் என்றும், பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் துலக்குவது பிள்ளைகளின் வேலை என்றும் சொல்லிக்கொண்டே போனார். போனவர்களைப் பற்றிப் பேசுவதுபோல் ஒரு கதவைப் பற்றி ஒருவர் பேசியதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அதன் பிறகு கற்பிட்டிக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் கதவுகளையே தேடும். இக்கட்டுரை அந்தத் தேடலின் விளைவு.

கற்பிட்டி என்பதே ஒரு வாசல்தான். இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒரு புறம் இந்து சமுத்திரமும் மறு புறம் புத்தளம் களப்புமாக, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. களப்பின் வாய் அதன் வடமுனையில் இருக்கிறது. கடலிலிருந்து புத்தளத்துக்குள் நுழையும் தோணி எதுவானாலும் கற்பிட்டியைக் கடந்துதான் போயாக வேண்டும். 1344இல் இக்கரையில் இறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் ‘பத்தாலா’ என்னும் ஊரில் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அச்சிறு நகரைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தன என்பது அவர் தரும் செய்தி. ஆக, நமக்குக் கிடைக்கும் பழைய சித்திரத்திலேயே இந்தக் கரையைக் காத்து நின்றது மரம்தான். அந்த மதிலில் ஒரு துண்டுகூட இன்று இல்லை.

இந்த வாசலின் பெறுமதியை நன்கு உணர்ந்தவர்கள் ஒல்லாந்தர். கண்டி இராச்சியத்துக்குப் புத்தளம் ஒரு முக்கியமான கடல்வழி. பாக்கு வெளியே போனதும், துணியும் பிறவும் தென்னிந்தியாவிலிருந்து உள்ளே வந்ததும் இவ்வழியாகத்தான். போர்த்துக்கேயரிடமிருந்து 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரை இங்கே ஒரு கோட்டையைக் கட்டினர். நான்கு கொத்தளங்களும் முருகைக்கல் மதில்களும் கொண்ட அக்கோட்டை இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன் வாயில் மட்டும் மஞ்சள் நிறச் செங்கல்லால் கட்டப்பட்டு, மேலே மணிக்கூண்டு வைத்து அழகு செய்யப்பட்டிருக்கிறது. கண்டி மன்னனின் வாசலில் கம்பனிக்காரர் மாட்டிய பூட்டு என்று அக்கோட்டையைச் சொல்லலாம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கண்டி மன்னர் கரையோரம் முழுவதையுமே ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது அந்தப் பூட்டு இறுகியது. 1795 நவம்பரில் அதன் திறப்பு ஆங்கிலேயரின் கைக்கு மாறியது.

‘திறப்பு’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘சாவி’ என்பார்கள். அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். நாங்கள் ‘யன்னல்’ என்றும் அவர்கள் ‘ஜன்னல்’ என்றும் சொல்வதும் அம்மொழியின் கொடையே. மேசையும் அலமாரியும் அப்படி வந்தவையே. மேசையில் இழுத்து மூடும் பெட்டிக்கு நாங்கள் வழங்கும் ‘லாச்சி’ ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. ஆனால் கதவு, நிலை, தாழ், படி ஆகியவை நம்முடைய சொற்களாகவே இருக்கின்றன. பூட்டவும் திறக்கவும் பயன்படும் ஒரு கருவிக்குத் திறக்கும் தொழிலை வைத்தே ஈழத்தவர் பெயரிட்டிருக்கிறார்கள். ஆலங்குடாப் பெரியவரின் கையில் இருந்த அந்த இரும்புக்குத் திறப்பு என்ற பெயர் பொருந்துமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இனி, மரத்துக்கு வருவோம்.

கற்பிட்டி போன்ற கரையில் ஒரு மரக்கதவை வைத்துக் காப்பது எளிதான காரியமன்று. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். இன்று பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் தேடி வருவது இந்தக் காற்றைத்தான். வீட்டுக்காரருக்கு அது மணலையும் உப்பையும் கதவின் மேல் வாரி இறைக்கும் காற்று. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மரத்தின் மேல் படிந்த உப்பு இரவில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பகல் வெயிலில் காயும், மறுபடி உறிஞ்சும். இப்படி மாறி மாறி நடக்கும்போது மரத்தின் மேல்தோல் நார் நாராகக் கிளம்பிவிடும். ஒக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கியதும் அதுவரை சுருங்கிக் கிடந்த பலகை பருத்து நிலையோடு இறுகிக்கொள்ளும்.

இரும்பு ஆணியால் வரும் கேடு இன்னும் மறைவானது. துருப்பிடித்த இரும்பு இருந்த அளவைவிடப் பெருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கும். துருவில் உள்ள இரும்புச் சத்து மரத்தின் நாரையும் அரித்துக் கறுப்பாக்கிவிடும். பழைய கரையோர வீடுகளில் பித்தளைப் பிணைச்சல்களையும் பித்தளைக் குமிழ்களையும் காண்பதற்குச் செல்வச் செருக்கு மட்டும் காரணமன்று. அதற்கும் முந்திய நம் பழங்கதவுகளில் பிணைச்சலே கிடையாது. பலகையின் மேலும் கீழும் குடுமி விட்டு, அதைக் கல்லிலோ மரத்திலோ குடைந்த குழியில் பொருத்திச் சுழல விடுவார்கள். துருப்பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

ஒல்லாந்தர் காலத்தில் பரவிய கதவமைப்பு வேறு வகையானது. நான்கு பக்கமும் சட்டம் அடித்து, சட்டத்தின் உள்விளிம்பில் காடி வெட்டி, அதற்குள் பலகையை ஒட்டாமல் செருகி நிறுத்துவது அது. மழையில் பலகை பருத்தாலும் வெயிலில் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே அசைந்துகொள்ளும், கதவின் உருவம் கெடாது. இதை அறியாமல், பலகை ஆடுகிறதே என்று காடியில் பசையை ஊற்றி இறுக்கிவிடுவோர் உண்டு. அடுத்த கோடையில் அப்பலகை நடுவே பிளந்து நிற்கும்.

கற்பிட்டியில் தோணி வேலையும் வீட்டு வேலையும் தெரிந்த வயதான ஓடாவி ஒருவரிடம் ஒரு முற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். தோணிக்குச் சுறா எண்ணெய், வீட்டுக் கதவுக்கு வேப்பெண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ என்பது அவருடைய கணக்கு. அவர் சொன்னவற்றை, கரையோரத்தில் வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். காற்றுக் காலம் முடிந்ததும், மழைக்கு முன்னர், கதவை நல்ல தண்ணீரால் துடைத்து உப்பை அகற்ற வேண்டும். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பின்னரே எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். முகப்பை மட்டும் பூசிவிட்டு அடிவிளிம்பை மறக்கக் கூடாது. மரம் தண்ணீரைக் குடிப்பது வெட்டு வாயால்தான், கதவு முதலில் உக்குவதும் அடியில்தான். நிலைக்காலை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்த வேண்டும். கறையான் மண்ணிலிருந்து புற்றுக் குழாய் கட்டி ஏறுவதைக் கல்லின் மேல் எளிதில் கண்டுகொள்ளலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக அவர் வற்புறுத்தியது ஒன்று: மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று சீவுளியை எடுக்கக் கூடாது. மார்கழியில் சீவிய கதவு ஆடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும்.

விடைபெறும் நேரத்தில் அவர் வேறொன்றும் சொன்னார். ஆள் குடியிருக்கும் வீட்டுக் கதவைக் கறையான் அவ்வளவாக அண்டாது, பூட்டிய வீட்டுக் கதவைத்தான் தின்னும் என்றார். கறையானுக்கு அப்படியொரு ஞானம் உண்டா என்று சிரித்தேன். நாள்தோறும் திறந்து மூடும் கதவில் புற்று நிலைக்காது, ஏறிய புற்று யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும், காற்றும் வெயிலும் உள்ளே வந்து போகும், அவ்வளவுதான் சங்கதி என்று விளக்கினார். அந்த விளக்கம் என் மனத்தில் தங்கிவிட்டது. எண்ணெயும் பித்தளையும் துணைக்கருவிகளே. கதவைக் காப்பது அதைத் திறந்து மூடும் கை. அந்தக் கை அகற்றப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வடக்கின் வரலாறு சாட்சி.

1990 ஒக்டோபரில், தமது கட்டுப்பாட்டில் இருந்த வடமாகாணப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்து, சில நாட்களே அவகாசம் கொடுத்தனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டே மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை விட்டு, உடுத்த உடையோடும் கையில் அனுமதிக்கப்பட்ட சொற்பப் பொருளோடும் புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் பெருந்தொகையாக மீன்பிடி வள்ளங்களில் ஏறி, மாரிக் கடலில் தெற்கே வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையில்தான்.

அன்று கற்பிட்டியும் புத்தளமும் தம் கதவுகளைத் திறந்தன. வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வந்தவர்களால் நிரம்பின. அடுப்புகள் இரவு பகலாக எரிந்தன. தாமே வறுமையில் இருந்த மீனவக் குடும்பங்கள் தம் முற்றத்தில் இன்னொரு குடும்பத்துக்கு இடம் கொடுத்தன. வந்தவர்கள் சில கிழமைகளில் திரும்பிவிடுவார்கள் என்றே இரு தரப்பாரும் நம்பினர். அதனால்தான் பலர் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தனர். வேறு சிலர் பக்கத்து வீட்டுத் தமிழரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தனர். திரும்பி வரப் போகிறவர்தானே திறப்பை எடுத்துச் செல்வார்! 1948இல் துரத்தப்பட்ட பலஸ்தீன மக்களின் வீடுகளிலும் அத்தகைய திறப்புகள் பேரப்பிள்ளைகளின் கைகளுக்கு மாறிக்கொண்டிருப்பதை உலகம் அறியும்.

பூட்டிய வீடுகள் பூட்டியபடி இருக்கவில்லை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் மன்னார்க் கிராமங்களிலும் தளபாடங்கள் முதலில் போயின. பிறகு ஓடுகள், யன்னல்கள், கதவுகள், நிலைகள் என ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு விலைக்குப் போயின. நிலை பெயர்த்த வீட்டின் சுவர் ஓரிரு மாரிக்குள் வாய் பிளந்து சரியத் தொடங்கும். அதற்கு மேல் கறையானுக்கு அங்கே வேலை இல்லை.

இதை ஒரு தமிழன் எழுதும்போது அடுத்த செய்தியையும் சேர்த்து எழுத வேண்டும். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வந்த வேளையில், வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். நாங்களும் அந்த மழையில் நடந்தவர்கள்தாம். என் தாயார் எங்கள் வீட்டுத் திறப்பைத் தாலிக்கொடியோடு சேர்த்து முடிந்திருந்தார். மறு ஆண்டு திரும்பியபோது முன்கதவு இருந்த இடத்தில் ஒரு சதுர வெளிச்சம் மட்டுமே இருந்தது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இலேயே பெயர்க்கப்பட்ட மக்கள், உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் போய்ப் பார்த்ததும் கதவற்ற சுவர்களைத்தான், சில இடங்களில் சுவரையும் அல்ல. சோனகத் தெருவின் கதவுகள் கழற்றப்பட்ட ஓசை எங்கள் காதில் விழாமல் இல்லை. அன்று நாம் பேசாதிருந்தோம். அந்த மௌனத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் கதவுகளைப் பற்றி மட்டும் பேச எனக்கு வாய் வருவதில்லை.

கற்பிட்டி பதிவுகளுக்குப் பேர்போன மண். 1807இல் இங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலில் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் பதிவு செய்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலைத் தந்தவரும் அவரே. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதே மாவட்டத்தில் வேறொரு வகைப் பதிவு தேவைப்பட்டது. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், வடக்கு முஸ்லிம்கள் இழந்தவற்றைக் கணக்கெடுத்து 2001இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். காசிச்செட்டி இருந்த ஊர்களை எழுதினார், ஹஸ்புல்லாஹ் இல்லாமற்போன ஊர்களை எழுதினார். 2018இல் அவர் மறைந்தபோது, அவரை அறிந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருசேர வருந்தினர்.

வேதாரணியத்துக் கதை நம் வாசகர்கள் அறிந்ததே. கற்பிட்டியிலிருந்து வடக்கே, பாக்கு நீரிணையைத் தாண்டினால் அந்த ஊர். வேதங்கள் வழிபட்டு அடைத்துச் சென்ற கோயிற் கதவு நெடுங்காலம் திறவாதிருந்தது. ஊரார் பக்கத்து வாசல் ஒன்றால் போய் வந்தனர். அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடிய பின்னரே அது திறந்தது. சம்பந்தர் பாட, முதற் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அதன் பின்னர் நாள்தோறும் திறப்பதும் அடைப்பதுமாக அவ்வாசல் வழக்குக்கு வந்தது என்பது மரபு. பக்தியில் தோய்ந்தவர்கள் அதில் அருளைக் காண்பார்கள். எனக்கு அதில் ஓடாவியின் சொல்லும் கேட்கிறது. அடைப்பது எளிது. நெடுங்காலம் அடைத்துக் கிடந்ததைத் திறப்பதுதான் கடினம். திறந்தபின் நாள்தோறும் திறந்து மூடினால்தான் அது கதவாக இருக்கும்.

2007ஆம் ஆண்டு உலக வங்கியின் நிதியுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கிடுகுக் குடிசைகள் பல கல்வீடுகளாயின. 2009இல் போர் முடிந்தபின் சிலர் வடக்கே திரும்பினர், பலர் இங்கேயே தங்கினர். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கால் வைத்து வாழ்கின்ற குடும்பங்களும் உண்டு. ஆலங்குடாப் பெரியவரின் குடும்பமும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், செப்டெம்பர் மாத இறுதியில் மீண்டும் அங்கே போனேன். பெரியவர் மௌத்தாகிவிட்டார். சீமெந்துக் கல்லால் கட்டிய சிறு வீடு, மலிவான மரத்தில் ஒரு முன்கதவு. அவருடைய மகன் கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி, இரண்டு மரக்குற்றிகளின் மேல் கிடத்தி, அடிவிளிம்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வாப்பா சொல்லித் தந்த வேலை என்றார். பழைய திறப்பைப் பற்றிக் கேட்டேன். எருக்கலம்பிட்டி வீட்டைத் திருத்தத் தொடங்கியிருப்பதாகவும், நிலை வைத்தாயிற்று, கதவுக்கு மரம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அந்தப் பழைய திறப்புக்கு ஏற்ற பூட்டு இனிக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மாதம் ஒருமுறை அதற்கு எண்ணெய் தடவத் தவறுவதில்லையாம்.

நான் புறப்பட்டபோது கதவு இன்னும் குற்றிகளின் மேல்தான் காய்ந்துகொண்டிருந்தது. அன்று இரவு வாசலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பழைய சாக்குப் படுதா ஒன்று இருக்கிறது, அது போதும் என்றார்.